விமர்சகர்கள் நின்று படித்த பக்கங்கள்: ஸோரா நீல் ஹர்ஸ்டனின் நாவலும் மாறிய மதிப்பீடுகளும்

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் நாவலில், புயல் ஓய்ந்த பிறகு ஒரு காட்சி வருகிறது. ஃபுளோரிடாவின் பாம் பீச்சில், துப்பாக்கி ஏந்திய இரண்டு வெள்ளையர்கள் டீ கேக் என்ற கறுப்புத் தொழிலாளியைத் தெருவில் மறிக்கிறார்கள். பிணம் புதைக்கும் வேலைக்கு அவனை இழுத்துப் போகிறார்கள். எங்கு பார்த்தாலும் உடல்கள். ஒவ்வொன்றையும் சோதித்து வெள்ளையரா கறுப்பரா என்று பிரிக்கவேண்டும் என்பது உத்தரவு. வெள்ளையருக்குச் சவப்பெட்டி. கறுப்பருக்கு மேலே சுண்ணாம்பைத் தூவி மண்ணைத் தள்ளினால் போதும். உடல்கள் தண்ணீரில் ஊறி, தோலின் நிறமே தெரியாமல் கிடக்கின்றன. அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், தலைமுடியைப் பார் என்கிறான் காவல்காரன். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்துவைக்கும் பிரிவினைச் சட்டத்தைப் பற்றிக் கடவுளுக்கு எதுவும் தெரியாது என்று இவர்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்கிறான் டீ கேக்.

இது வெறும் கற்பனை இல்லை. 1928 செப்டம்பர் 16 அன்று அடித்த புயலில் ஓக்கிசோபி ஏரியின் கரை உடைந்து குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளிகள். வெஸ்ட் பாம் பீச்சில் மட்டும் 674 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். சவப்பெட்டிகள் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டன.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவல் 1937 செப்டம்பர் 18 அன்று வெளியானது. அவர்களுடைய கண்கள் கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பது தலைப்பின் பொருள். அந்தப் புயல் இரவில், இருட்டில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகளைப் பற்றி வரும் வரி அது. புத்தகம் வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அக்டோபர் 5 தேதியிட்ட 'நியூ மாசஸ்' இதழில் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் அதற்கு மதிப்புரை எழுதினார். இந்த நாவலில் கருப்பொருள் இல்லை, செய்தி இல்லை, சிந்தனை இல்லை என்றார்.

ரைட் அசட்டையான வாசகர் இல்லை. மிசிசிப்பியில் வறுமையில் வளர்ந்து, பிரிவினையின் கொடுமையை உடம்பால் அறிந்தவர். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் முக்கியமான நாவலாசிரியர்களில் ஒருவரானவர். அப்படிப்பட்டவர் பிணங்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகும் 'செய்தி இல்லை' என்று எழுதினார். எப்படி? இந்த நாவலைப் பற்றிய கருத்து கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் மாறிய கதையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் எனக்கு நல்ல வாசலாகத் தெரிகிறது. ஒவ்வொரு தலைமுறையும் இந்தப் புத்தகத்தின் வேறு வேறு பக்கத்தில் நின்றது. நிற்காத பக்கங்களை வேகமாகக் கடந்துபோனது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜேனி என்ற கறுப்பினப் பெண் நடுவயதில் ஊர் திரும்புகிறாள். ஊரார் திண்ணைகளில் உட்கார்ந்து அவளைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள். அவள் தன் தோழி ஃபீபியிடம் மட்டும் தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். அடிமையாகப் பிறந்த பாட்டி, பாதுகாப்பு வேண்டும் என்று அறுபது ஏக்கர் நிலம் வைத்திருக்கும் வயதான ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்கிறாள். அங்கிருந்து ஜோ ஸ்டார்க்ஸுடன் ஓடிப்போகிறாள். அவர் கறுப்பர்கள் மட்டுமே வாழும் ஈட்டன்வில் ஊரின் மேயராகிறார். அவளுக்கு வசதி தருகிறார், வாயை அடைக்கிறார். அவர் இறந்த பிறகு, தன்னைவிட இளையவனான டீ கேக்கைக் காதலித்து, அவனோடு எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பீன்ஸ் பறிக்கப் போகிறாள். புயலில் அவளைக் காப்பாற்றும்போது வெறிநாய் அவனைக் கடித்துவிடுகிறது. நோய் முற்றி அவன் துப்பாக்கியை எடுக்கும்போது, அவனை அவளே சுடவேண்டியதாகிறது. வெள்ளையர் நிறைந்த நீதிமன்றம் அவளை விடுவிக்கிறது. அவள் வீடு திரும்புகிறாள்.

ஹர்ஸ்டன் இதை 1936 இறுதியில் ஹெய்ட்டியில், ஏழே வாரத்தில் எழுதினார். நாட்டார் வழக்காறு சேகரிக்கக் குகன்ஹைம் உதவித்தொகையில் அங்கே போயிருந்தார். நியூயார்க்கின் பார்னர்ட் கல்லூரியில் ஃபிரான்ஸ் போவாஸிடம் மானுடவியல் படித்தவர். கதையில் வரும் ஈட்டன்வில், அவர் வளர்ந்த ஊர்.

1937இன் வாசகர்கள் நின்றது திண்ணையில். ஜோ ஸ்டார்க்ஸின் கடை வாசலில் ஊர் ஆண்கள் உட்கார்ந்து கதை அளப்பார்கள். பொய்யில் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பார்கள். ஒரு கிழட்டுக் கோவேறு கழுதையை வைத்து நாள் கணக்கில் கிண்டல் செய்வார்கள். பேச்சு முழுக்கத் தென்மாநிலக் கறுப்பர்களின் வட்டார வழக்கில் இருக்கும். பெரிய பத்திரிகைகளின் வெள்ளை மதிப்புரையாளர்கள் பலரும் இதை ரசித்தார்கள், பாராட்டினார்கள். ஆனால் கள்ளமற்ற கிராமத்து மனிதர்களின் உலகத்தை எட்டிப் பார்த்த மகிழ்ச்சிதான் அந்தப் பாராட்டில் இருந்தது. ரைட்டுக்குக் கோபம் வந்த இடமும் அதுதான். இந்தப் புத்தகம் வெள்ளையரைச் சிரிக்கவைக்கும் 'மின்ஸ்ட்ரல்' உத்தியைத் தொடர்கிறது என்றார்.

அந்தக் கோபத்துக்கு நீண்ட பின்னணி உண்டு. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பரின் பேச்சைக் கேலியாக நடித்துக்காட்டும் மின்ஸ்ட்ரல் கூத்துகள் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக ஓடின. அடிமை முறையை இனிமையான பழைய காலமாகக் காட்டிய பெரும்பண்ணைக் கதைகளிலும் இந்த வழக்கு பயன்பட்டது. கறுப்பினப் படைப்பாளிகளுக்கே அது கறைபட்ட கருவி. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1922இல் கறுப்பினக் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில், வட்டார வழக்கு என்ற வாத்தியத்தில் இரண்டே சுருதிகள்தான், ஒன்று நகைச்சுவை, மற்றது சோகம் என்று எழுதினார். எழுத்தைக் கூட்டிப் படிக்கும்போதே அந்தக் கூத்து மேடை நினைவுக்கு வந்துவிடும் நிலையில், அச்சில் அந்தப் பேச்சைப் பார்த்த ரைட்டுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் வேறு இன்னும் தீரவில்லை. ரைட் அப்போது கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். நியூ மாசஸ் இடதுசாரி இதழ். எழுத்து என்றால் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நடுவே நடக்கும் மோதலைக் காட்டவேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. வெள்ளையர் அபூர்வமாகவே தலைகாட்டும் ஊரில், ஒரு பெண் தன் கணவனிடம் பேச உரிமை கேட்டுத் தவிப்பது அந்தக் கணக்கில் 'சமூகப் பிரச்சினை' ஆகவில்லை.

ரைட்டின் வார்த்தைகளைவிட ஹர்ஸ்டனைச் சுட்டது அலேன் லாக்கின் குறிப்பு. 1925இல் வந்த 'தி நியூ நீக்ரோ' என்ற கறுப்பின எழுத்துத் தொகுப்பின் ஆசிரியர் அவர். ஹர்ஸ்டனின் கதையை அதில் சேர்த்தவர். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஹர்ஸ்டனுக்கு ஆசானாக இருந்தவர். 1938இல் 'ஆப்பர்ச்சுனிட்டி' இதழில், நாட்டார் புனைவாக இது உயர்ந்தது என்று சொல்லிவிட்டு, இத்தனை திறமை உள்ளவர் சமூக ஆவணப் புனைவுக்கு எப்போது வருவார் என்று கேட்டார். கறுப்பர் வாழ்க்கையைப் பற்றி லாக்குக்கு என்ன தெரியும், அவரோடு விவாதிக்க என் கால் நகத்தை அனுப்பினால் போதும் என்ற அளவுக்குச் சீறி ஹர்ஸ்டன் பதில் எழுதினார். இதழ் அதை வெளியிடவில்லை. 1941இல் கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசனும் இந்த நாவலில் திட்டமிட்ட கேலிக்கூத்தின் சாயலைப் பார்த்தார். ஹர்ஸ்டனும் சும்மா இருந்துவிடவில்லை. ரைட்டின் முதல் கதைத் தொகுப்புக்கு 1938இல் மதிப்புரை எழுதியபோது, அதில் வெறுப்பும் வன்முறையும்தான் நிரம்பியிருக்கின்றன, கறுப்பர் வாழ்வின் மற்ற பக்கங்கள் இல்லை என்றார். இருவருமே மற்றவரிடம் இல்லாததைச் சரியாகச் சொன்னார்கள், இருந்ததைப் பார்க்கவில்லை.

1940இல் ரைட்டின் 'நேட்டிவ் சன்' வந்து பெரும் வெற்றி பெற்றது. கறுப்பின நாவல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் அதோடு நிலைபெற்றது. ஹர்ஸ்டனின் புத்தகம் மெல்ல அச்சிலிருந்து மறைந்தது. 1950இல் அவர் மயாமியில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தார் என்று பத்திரிகைச் செய்தி வந்தது. 1955இல், பள்ளிகளில் பிரிவினையை ஒழித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். கறுப்புக் குழந்தை படிக்க வெள்ளைக் குழந்தையின் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று நினைப்பதே அவமானம் என்பது அவர் வாதம். இருந்த சொற்ப ஆதரவாளர்களையும் அது தள்ளிவைத்தது. 1960 ஜனவரி 28 அன்று ஃபோர்ட் பியர்ஸ் ஊரில், ஏழைகளுக்கான அரசு இல்லத்தில் இறந்தார். அடக்கத்துக்கு ஊரார் பணம் திரட்டினார்கள். கல்லறைக்குக் கல் வைக்கவில்லை.

இனி வருவதைச் சிலர் 'காலம் நீதி வழங்கியது' என்று எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலம் எதையும் தானாகச் செய்யவில்லை. குறிப்பிட்ட சில மனிதர்கள், குறிப்பிட்ட சில ஆண்டுகளில், மெனக்கெட்டுச் செய்த வேலை இது.

கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1970 வாக்கில் ஒரு கதைக்காக வூடூ சடங்குகளைப் பற்றித் தகவல் தேடிக்கொண்டிருந்தபோது, வெள்ளை ஆய்வாளர்களின் எழுத்தில் ஓர் அடிக்குறிப்பாக ஹர்ஸ்டனின் பெயரைப் பார்த்தார். தேடிப் படித்தார். கறுப்பினப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி அவர் வெல்லெஸ்லி கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கியபோது ஹர்ஸ்டனும் அதில் இருந்தார். 1973 ஆகஸ்டில் ஃபோர்ட் பியர்ஸுக்குப் போனார். விவரம் கேட்டவர்களிடம் தன்னை ஹர்ஸ்டனின் அண்ணன் மகள் போலச் சொல்லிக்கொண்டார். இடுப்பளவு புல் மண்டிய இடுகாட்டில், குழிந்திருந்த ஓரிடத்தை இதுதான் என்று முடிவு செய்து, 'தென்னாட்டின் மேதை' என்று பொறித்த கல்லை நட ஏற்பாடு செய்தார். கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்று இருக்கிறது. உண்மையில் ஹர்ஸ்டன் பிறந்தது 1891. பள்ளியில் இலவசமாகச் சேர்வதற்காக 1917இல் பத்து வயதைக் குறைத்துச் சொன்னவர், கடைசி வரை அதைத் திருத்தவே இல்லை. வாக்கரின் பயணக் கட்டுரை 1975 மார்ச்சில் 'மிஸ்' என்ற பெண்ணிய இதழில் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே 'பிளாக் வேர்ல்ட்' இதழ் ஹர்ஸ்டனை அட்டையில் போட்டிருந்தது. அந்த இதழில் கவிஞர் ஜூன் ஜோர்டன் எழுதிய கட்டுரை இன்றும் எனக்கு மிக நியாயமானதாகத் தெரிகிறது. ரைட்டா ஹர்ஸ்டனா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்டார். எதிர்ப்பும் வேண்டும், தன் மக்களைக் கொண்டாடுவதும் வேண்டும். கொண்டாட்டமும் ஒருவகை எதிர்ப்புதான் என்றார்.

ஆனால் கட்டுரைகள் மட்டும் போதாது, படிக்கப் புத்தகம் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் கறுப்பின ஆய்வுத் துறைகளும் பெண்ணிய ஆய்வுத் துறைகளும் புதிதாக முளைத்தபோது, ஆசிரியர்கள் இந்த நாவலை நகலெடுத்து மாணவர்களிடையே சுற்றவிட்டார்கள். 1975இல், மொழி, இலக்கியப் பேராசிரியர்களின் அமைப்பான நவீன மொழிகள் சங்கத்தின் மாநாட்டில், இதை மீண்டும் அச்சிடக் கோரிக் கையெழுத்து வேட்டை நடந்தது. 1977இல் ராபர்ட் ஹெமன்வே எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. 1978இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் நாவலை மறுபடி வெளியிட்டது. வகுப்பறைக்குப் போனது, அப்புறம் நிற்கவே இல்லை.

இந்தத் தலைமுறை நின்ற பக்கங்கள் வேறு. பதினாறு வயது ஜேனி பூத்த பேரிக்காய் மரத்தடியில் படுத்துத் தேனீக்களைப் பார்க்கும் பக்கம். கறுப்புப் பெண்தான் இந்த உலகத்தின் கோவேறு கழுதை என்று பாட்டி சொல்லும் பக்கம். ஊர்க் கூட்டத்தில் ஜேனி இரண்டு வார்த்தை பேசட்டும் என்று ஒருவர் கேட்க, என் மனைவிக்குப் பேச்செல்லாம் தெரியாது, அவள் இடம் வீடு என்று ஜோ மறித்துவிடும் பக்கம். ரைட் கருப்பொருள் இல்லை என்று சொன்ன அதே இடங்களில், இந்தப் பெண்கள் தங்கள் பாட்டிகளையும் அம்மாக்களையும் பார்த்தார்கள். 1937இல் வேடிக்கையாக மட்டும் தெரிந்த திண்ணையும் இப்போது வேறாகத் தெரிந்தது. ஊரின் அதிகாரம் முழுக்கப் பேச்சில் இருக்கிறது. ஜோ ஜேனியை விலக்கிவைப்பது அந்தப் பேச்சிலிருந்துதான். திண்ணையில் உட்கார அனுமதி இல்லாததே அவளுக்கு நேர்ந்த அநீதி.

பேச்சைப் பற்றிய மதிப்பீடும் இதோடு புரண்டது. ஹர்ஸ்டன் 1934லேயே கறுப்பரின் வெளிப்பாட்டு முறை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கோடரியை 'வெட்டுக்கோடரி', நாற்காலியை 'உட்காரும் நாற்காலி' என்று தேவைக்கு மேல் ஒரு சொல் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை அறியாமை என்று அவர் பார்க்கவில்லை. மொழியை அலங்கரிக்கும் விருப்பம், செயலைக் கண்முன் காட்டும் விருப்பம் என்று விளக்கினார். நாவலைத் திறந்தால் அந்த ஆய்வு உயிரோடு நடமாடுகிறது. விமர்சகர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 1988இல் இதை இன்னும் நுட்பமாகக் காட்டினார். தொடக்கத்தில் கதைசொல்லியின் குரல் தரமான ஆங்கிலம், பாத்திரங்களின் குரல் வழக்கு மொழி என்று தெளிவாகப் பிரிந்திருக்கிறது. ஜேனி தன்னை உணர உணர, கதைசொல்லியின் வாக்கியங்களுக்குள் அவள் பேச்சின் தாளம் கசிகிறது. மேற்கோள் குறி இல்லாத ஒரு வரி யாருடையது, ஜேனியுடையதா ஆசிரியருடையதா என்று சொல்லமுடியாத நிலை வருகிறது. பேச்சாகவே இருக்க முயலும் எழுத்து என்று அவர் இதற்குப் பெயர் கொடுத்தார்.

இங்கேதான் 'நவீனத்துவம்' என்ற சொல் வருகிறது. 1937இல் யாரும் இந்த நாவலை நவீனத்துவப் படைப்பு என்று சொல்லவில்லை. நகரம், சிதறிய மனம், புதிரான நடை என்பதே அந்தச் சொல்லின் படம். வெள்ளை நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் உள்ளே, ஹர்ஸ்டன் வெளியே. கேட்ஸ் போன்றவர்களின் வாசிப்புக்குப் பிறகு, ஒரு குரலுக்குள் இன்னொரு குரலை ஓடவிடும் இந்த உத்தி ஃபாக்னரும் அவர் காலத்தவரும் தேடியதற்குச் சற்றும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. விமர்சகர் ஹூஸ்டன் பேக்கர் 1987இல், கறுப்பினக் கலைக்கு நவீனத்துவம் வேறு தேதியில், வேறு வழியில் வந்தது என்று வாதிட்டார். அதாவது நாவல் மட்டும் இடம் மாறவில்லை. அதை அளந்த அளவுகோலே நீண்டது.

சரி, பாராட்டோடு கதை முடிந்ததா? இல்லை. 1979இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஓர் அமர்வில் விமர்சகர் ராபர்ட் ஸ்டெப்டோ நீதிமன்றக் காட்சியில் போய் நின்றார். தன் உயிருக்காக ஜேனி பேசவேண்டிய நேரத்தில் ஹர்ஸ்டன் அவள் வார்த்தைகளை நமக்குத் தருவதில்லை. அவள் சொன்னாள், சொல்லி முடித்து அமைதியானாள் என்று கதைசொல்லி கடந்துபோகிறார். குரல் கிடைத்த பெண் என்கிறீர்களே, குரல் எங்கே? இது கூர்மையான கேள்வி. கூட்டத்தில் இருந்த ஆலிஸ் வாக்கர் எழுந்து, ஆண்கள் எதிர்பார்க்கும்போதெல்லாம் பெண்கள் பேசவேண்டியதில்லை, எப்போது பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள் என்றார். வாக்கரின் பதில் அழகானது. ஆனாலும் எனக்கு ஸ்டெப்டோவின் உறுத்தல் முழுதாகத் தீரவில்லை. தன் பிடியைக் காட்டிக்கொள்ள டீ கேக் ஜேனியை அடிக்கும் இடமும் இதோடு சேரும். அங்கும் ஜேனி என்ன நினைத்தாள் என்று நாவல் சொல்லாது. விடுதலைக் கதையாக மட்டும் படித்தவர்கள் அந்தப் பக்கத்தை ரைட்டைப் போலவே வேகமாகக் கடந்தார்கள்.

1990இல் ஹேசல் கார்பி எழுதிய கட்டுரை இன்னும் சங்கடமானது. 1930களில் கறுப்பர்கள் லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கொந்தளிப்பிலிருந்து விலகி, கிராமத்து மக்களைத் தூய பண்பாட்டின் உறைவிடமாக ஹர்ஸ்டன் படைத்தார் என்பது கார்பியின் வாதம். அதோடு நிற்காமல், நகரக் கறுப்பரின் வாழ்வு நெருக்கடியில் இருக்கும் இன்றைக்கு, பல்கலைக்கழகங்கள் இந்த நாவலை இவ்வளவு கொண்டாடுவது ஏன் என்று கேட்டார். ரைட்டின் பழைய புகார் ஐம்பது ஆண்டு கழித்து, பெண்ணிய அறிஞர் ஒருவரின் கையில், எத்தனையோ நுட்பத்தோடு திரும்பி வந்ததாகவே இதைப் படிக்கிறேன். மறுகண்டுபிடிப்பு அந்தப் புகாரை அழித்துவிடவில்லை.

2005இல் இந்த நாவலை வைத்து, ஹாலி பெர்ரி நடித்த தொலைக்காட்சிப் படம் வந்தது. காதல் கதையாகவே அதிகம் பேர் அதைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸில் கரைகளை உடைத்தது. ஏழைக் கறுப்பர்களின் உடல்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததை உலகமே பார்த்தது. அதன் பிறகு இந்த நாவலை எடுத்தவர்கள் புயல் அத்தியாயத்திலும், நிறம் பார்த்துப் புதைக்கும் அந்தப் பக்கத்திலும் நின்றார்கள். செய்தி இல்லை என்று ரைட் சொன்ன புத்தகத்திலேயே அது எப்போதும் இருந்தது. சதுப்பு நிலத்தில் ஜேனியோடு வேலை செய்யும் பஹாமா தொழிலாளிகளையும், நாவல் ஹெய்ட்டியில் எழுதப்பட்டதையும் சேர்த்துப் பார்த்து, இதை அமெரிக்காவுக்குள் மட்டும் அடைக்கமுடியாது, கரீபியக் கடலையும் தொடும் படைப்பு என்று இப்போதைய ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.

அந்தப் புயல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இன்னொரு சிறு பத்தி உண்டு. நானும் முதல் வாசிப்பில் அதில் நிற்கவில்லை. புயலுக்கு முன்பு, செமினோல் பழங்குடியினர் கூட்டம் கூட்டமாக அமைதியாகக் கிழக்கே நடந்து போகிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மேட்டு நிலத்துக்கு. கோரைப்புல் பூத்துவிட்டது, புயல் வருகிறது என்கிறார்கள். பீன்ஸ் நன்றாக விளைகிறது, விலையும் நன்றாக இருக்கிறது, அதனால் அவர்கள் சொல்வது தவறாகத்தான் இருக்கவேண்டும் என்று பண்ணையில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். அன்று இரவு நெருப்பைச் சுற்றிப் பாட்டும் ஆட்டமும் நடக்கிறது. செமினோல்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள்.